பழைய ரிவால்வர் வாங்கி, சரி பண்ணி விற்றால் லாபமா? வாங்க, கணக்கு போடுவோம்

துருப்பிடிச்ச பழைய ரிவால்வரைக் கழற்றி, பாலிஷ் போட்டு, புதுசு மாதிரி ஆக்கிக் காட்டுற வெளிநாட்டு வீடியோக்களை நீங்களும் பார்த்திருப்பீங்க. 'நாமும் ஒண்ணு வாங்கி ரெடி பண்ணினா விண்டேஜ் விலைக்கு விக்கலாமே'ன்னு தோணும். கோட்டக்குப்பத்துல வீடு, புதுச்சேரியில வேலை, கையில 2 லட்சம் சேமிப்பு. இப்படி ஒருத்தருக்கு இது சரிப்பட்டு வருமா?

முதல்ல விலை. 1980களின் நடுவுல, தனிநபர்கள் துப்பாக்கி இறக்குமதி செய்றதை அரசு நிறுத்திடுச்சு. அதுக்கு முன்னாடி வந்த வெப்லி, ஸ்மித் அண்ட் வெஸன் எல்லாம்தான் இன்னைக்கும் கைமாறிக்கிட்டு இருக்கு. அதனால நீங்க கொடுக்குற பணத்துல பெரும்பகுதி இரும்புக்கு இல்லை, தட்டுப்பாட்டுக்கு. கொள்கை மாறினா அந்த விலை கரைஞ்சிடும். ஒப்பிட்டுப் பார்க்க: 2014-ல் கான்பூர் அரசு தொழிற்சாலை வெளியிட்ட புது .32 'நிர்பீக்' ரிவால்வரின் விலை சுமார் 1.22 லட்சம்.

இலக்கு பார்த்துச் சுடுறதுக்குன்னே செஞ்ச பழைய ரிவால்வர்கள்ல நிறைய .38 அளவு. இங்கே அது தடை செய்யப்பட்ட அளவு, சாதாரண லைசென்ஸ்ல வராது. .32 அளவுல வந்த கே-32 மாதிரி ஏதாவது கிடைச்சாதான் உண்டு. சந்தை எவ்வளவு சின்னதுன்னு இதுலயே தெரியும்.

லைசென்ஸ் கையில வந்த பிறகுதான் வாங்கவே முடியும். கோட்டக்குப்பம் ஆளுக்கு விழுப்புரம் மாவட்ட நிர்வாகம். காரணம் சொல்லணும், போலீஸ் விசாரணை நடக்கும். 'வாங்கி விக்கப்போறேன்'னா அது வியாபாரம், அதுக்கு டீலர் லைசென்ஸ் தனி. லைசென்ஸ் இல்லாம வெச்சிருந்தா 2 முதல் 5 வருஷம் வரை சிறை. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருத்தர் பொதுவா 2 துப்பாக்கிதான் வெச்சிருக்கலாம், முன்னாடி 3. வாங்குறவங்க கூட்டமும் அந்த அளவுக்குச் சுருங்கிடுச்சு.

இப்போ அந்த வீடியோ வேலைக்கு வருவோம். ஆயுதச் சட்டம் 1959, பிரிவு 5-ன்படி துப்பாக்கி ரிப்பேருக்கே லைசென்ஸ் வேணும். துடைக்கலாம், எண்ணெய் போடலாம். ஸ்பிரிங் மாத்துறது, சிலிண்டர் பூட்டைச் சரி பண்றது எல்லாம் லைசென்ஸ் உள்ள கன்ஸ்மித் வேலை. இதைவிட ஆபத்தானது உப்புத்தாள். துருவோட சேர்ந்து உடம்புல இருக்குற நம்பரும் தேய்ஞ்சு போச்சுன்னா, பிரிவு 8-ன்படி அது தனிக் குற்றம். நம்பர் அழிஞ்ச துப்பாக்கி யார் கையில இருக்கோ, அவர்தான் அழிச்சார்னு சட்டம் எடுத்துக்கும். 'நான் அழிக்கலை'ன்னு நிரூபிக்கிற வேலையும் அவருடையதுதான். பாலிஷ் போட்டா விலை ஏறும்னும் நினைக்காதீங்க. சேகரிப்பாளர்கள் தொழிற்சாலையில போட்ட அசல் நீலப்பூச்சைத்தான் தேடுவாங்க. பணம் கொடுக்கறதுக்கு முன்னாடி சிலிண்டர் ஆடுதா, குழலுக்குள்ள அரிப்பு இருக்கா, நம்பரும் விக்கிறவர் லைசென்ஸும் ஒத்துப்போகுதான்னு பார்க்கணும்.

விக்கும்போது? வாங்குறவரும் லைசென்ஸ்தாரரா இருக்கணும். மாவட்ட நிர்வாகத்துக்கோ காவல் நிலையத்துக்கோ எழுதிக் கொடுத்து 45 நாள் காத்திருக்கணும். அவசரத்துக்கு நகையை அடகு வைக்கிற மாதிரி இதை வைக்க முடியாது. தேர்தல் வந்தா ஸ்டேஷன்ல ஒப்படைக்கச் சொல்லுவாங்க. அதே 2 லட்சம் 7 சதவீதத்துல 10 வருஷம் கிடந்தா சுமார் 3.93 லட்சம். ரிவால்வர் அந்த விலைக்குப் போகணும்னா, அந்த விலை கொடுக்குற லைசென்ஸ்தாரர் ஒருத்தரை நீங்க தேடிப் பிடிக்கணும்.

தாத்தாவோட ரிவால்வர் வீட்டுல இருக்குன்னா விஷயம் வேற. அவர் இறந்துட்டா, தாமதிக்காம காவல் நிலையத்துலயோ லைசென்ஸ் உள்ள டீலர்கிட்டயோ ஒப்படைச்சுடுங்க. அப்புறம் வாரிசா விண்ணப்பிக்கலாம். பீரோவுல பூட்டி வெச்சா உங்க பேர்லதான் வழக்கு.

கோட்டக்குப்பத்துக்குன்னு ஒரு சிக்கலும் உண்டு. தெருவைத் தாண்டினா புதுச்சேரி. லைசென்ஸ்ல தமிழ்நாட்டுக்கு மட்டும்னு எழுதியிருந்தா, அந்த ரிவால்வரோட முத்தியால்பேட்டைக்குப் போய் டீ குடிச்சாலும் சட்ட மீறல்தான்.

ஆசை சுடுறதுலதான்னா, .177 அளவு ஏர் பிஸ்டல்ல தொடங்குங்க. குண்டு வெளியேறுற ஆற்றல் 20 ஜூலுக்குள்ள இருந்தா லைசென்ஸ் வேண்டியதில்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸ்ல மனு பாக்கர் வெண்கலம் வாங்கினதும் 10 மீட்டர் ஏர் பிஸ்டல்லதான்.