மாரிக்கு முன் ஒரு அலாரம்: அனலைதீவு வீட்டுக்காரருக்குப் புரட்டாதி ஆலோசனை

புரட்டாதி வந்துவிட்டது. விடுமுறைக்கும் திருவிழாவுக்கும் வந்தவர்கள் கனடாவுக்கும் லண்டனுக்கும் திரும்பிவிட்டார்கள். திறந்து கூட்டிக் கழுவிய வீடுகள் மறுபடி பூட்டில் கிடக்கின்றன. இனி ஐப்பசி, கார்த்திகையில் இடியும் மழையும், அதன் பிறகு வாடைக்காற்று. கடல் பொங்கும் நாட்களில் ஊர்காவற்றுறைக்குப் படகு ஓடுவதே நிச்சயமில்லை. அப்படியொரு இரவில் யாராவது பின்கதவை நெம்பினால் 119 இலக்கத்தை அழைக்கலாம், அழைக்கத்தான் வேண்டும். ஆனால் ஊர்காவற்றுறையிலிருந்து உதவி வர வேண்டுமென்றால் அது கடலைக் கடந்தே வர வேண்டும். எனவே நிலம் காய்ந்திருக்கும் இந்தக் கிழமைகளிலேயே அலாரம் பூட்டும் வேலையை முடித்துவிடுங்கள்.

பலர் முதலில் கேட்பது கைத்தொலைபேசிக்குப் படம் அனுப்பும் கமராவைப் பற்றித்தான். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். இங்கே இரவு 2 மணி என்றால் ரொறன்ரோவில் இப்போது முதல் நாள் மாலை 4.30. மகன் வேலைத்தலத்தில் நிற்பான். படத்தைப் பார்த்துப் பதறுவான், ஊருக்குத் தொலைபேசி எடுப்பான், எடுத்த இடத்தில் எல்லோரும் நித்திரையாக இருப்பார்கள். மின்சாரமோ இணையமோ நின்றால் அந்தப் படமும் போகாது. தீவில் கள்ளனைத் துரத்துவது அயலட்டைச் சனம். அவர்களை எழுப்புகிற சத்தம்தான் முதலில் வேண்டும்.

சாதாரண தரத்தில் விஞ்ஞானம் படித்த பிள்ளை ஒன்று வீட்டில் இருந்தால் அப்படிச் சத்தம்போடும் அலாரத்தைச் செய்துவிடலாம். வேண்டியவை: 12 வோல்ட் 7 அம்பியர்மணி மூடிய பற்றரி ஒன்று, 12 வோல்ட் சைரன், இரண்டு சோடித் தொடுகைகள் உள்ள எட்டுக்கால் 12 வோல்ட் றிலே, பிசி 547 திரான்சிற்றர், 10 கிலோஓம் தடையி, 1000 மைக்ரோபரட் கொள்ளளவி, 1என்4007 இருவாயி, 3 அம்பியர் பியூஸ், கதவுக்கும் யன்னலுக்கும் காந்தத்தோடு வரும் றீட் சுவிச்சுகள். இவை எல்லாம் யாழ்ப்பாண நகரத்து இலத்திரனியல் கடைகளில் கேட்டு வாங்கக்கூடிய சாமான்கள்தான்.

மின்சாரக் கள்ளமணிக்கு 1853இலேயே அமெரிக்காவில் ஒகஸ்ரஸ் போப் என்பவர் காப்புரிமை பெற்றார். கதவு திறந்தால் சுற்று மூடி மணி அடிக்கும் அமைப்பு அது. அந்த முறையில் ஒரு குறை உண்டு: வயரை அறுத்துவிட்டால் மணி ஊமை. நாம் செய்வது அதன் மறுதலை. கதவுகள் பூட்டியிருக்கும்வரை, றீட் சுவிச்சுகளைக் கோத்த வயர் வளையத்தில் மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருக்கும். கதவு திறந்தாலும் அலறும், வயரை அறுத்தாலும் அலறும். பூட்டியிருக்கும் வீட்டுக்கு இந்த மூடிய வளையம் ஒன்றே பொருத்தம் என்பது என் தீர்மானமான கருத்து.

இணைப்பு இப்படி: பற்றரியின் நேர்முனைக்கு அருகிலேயே பியூஸ், அதற்கு அடுத்ததாக வீட்டுக்குள் ஒரு சுவிச். அங்கிருந்து தடையி வழியாகத் திரான்சிற்றரின் அடிக்கு ஒரு வயர். அடிக்கும் எதிர்முனைக்கும் நடுவில், றீட் சுவிச்சுகள் எல்லாவற்றையும் தொடராகக் கோத்த வளையம். கொள்ளளவியும் அதே இரண்டு புள்ளிகளில், அதன் எதிர்க்கால் பற்றரியின் எதிர்முனைப் பக்கம். திரான்சிற்றரின் காலியை எதிர்முனையில் இணையுங்கள். சேகரிப்பானுக்கும் சுவிச்சுக்குப் பின்னான நேர்ப்பக்கத்துக்கும் நடுவில் றிலேச் சுருள். சுருளின் மேல் இருவாயியைத் திருப்பிப் போடுங்கள், வெள்ளைக் கோடு நேர்ப்பக்கம் இருக்க வேண்டும். றிலேயின் ஒரு சோடித் தொடுகை சைரனுக்கு மின்சாரம் கொடுக்கும். மற்றச் சோடி சேகரிப்பானை நேரே எதிர்முனையோடு இணைக்கும். அதனால், வந்தவன் கதவைத் திருப்பிச் சாத்தினாலும் சைரன் நிற்காது. உள்ளே இருக்கும் சுவிச்சை அணைத்தால்தான் நிற்கும்.

வளையம் அறுந்து ஏறத்தாழ அரை விநாடி ஆன பிறகே திரான்சிற்றர் விழிக்கும். அதற்குத்தான் அந்தக் கொள்ளளவி. வாடைக்காற்றில் யன்னல் ஒருமுறை படபடத்ததற்கெல்லாம் ஊர் எழும்பினால், மூன்றாம் நாள் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அதே காரணத்துக்காக உடற்சூட்டை உணரும் சென்சரை வெளியில் பூட்டாதீர்கள். நாய், ஆடு, வெயிலில் சூடேறி ஆடும் வடலி எல்லாம் அதற்கு ஆளாகத்தான் தெரியும்.

றீட் சுவிச்சைக் கதவு நிலையிலும் காந்தத்தைக் கதவிலும் பூட்டுங்கள். கவனம் வேண்டிய இடம் இது. மழையில் மரக்கதவு ஊதும், தையில் மறுபடி சுருங்கும். சுவிச்சும் காந்தமும் முட்டிக்கொண்டிருந்தால் ஊதும்போது சுவிச்சின் கண்ணாடிக் குழாய் வெடிக்கும். இரண்டு சென்ரிமீற்றர் விட்டால் சுருங்கும்போது காரணமில்லாமல் அலறும். அரைச் சென்ரிமீற்றர் இடைவெளி போதும். இரும்புக் கதவென்றால் காந்தத்தின் அடியில் பலகைத் துண்டொன்றை வைத்துப் பூட்டுங்கள், இல்லையேல் இரும்பு காந்தத்தின் பலத்தை இழுத்துவிடும். ஆணி பித்தளையாக இருக்கட்டும்.

நம் தீவில் இலத்திரனியல் சாமானைக் கொல்வது உப்புக்காற்று. வயரை முறுக்கி ரேப் சுற்றுவதோடு விட்டால், பிரித்துப் பார்க்கும்போது செம்பு பச்சைக் களிம்பு பூத்துத் தூளாய் உதிரும். ஒவ்வொரு இணைப்பையும் ஈயம் வைத்து ஒட்டி, மேலே வசலின் தடவி, சுருங்கும் குழாயால் மூடுங்கள். களிம்பேறி வளையத்தின் தடை ஐந்நூறு ஓமைத் தாண்டினால் இந்த அலாரம் தானாகவே அலறத் தொடங்கும். அது நல்லதுதான், பழுதை மறைத்துக்கொண்டு ஊமையாக நிற்பதைவிட.

பற்றரிக்குச் சுவர் மின்சாரத்தை மட்டும் நம்பவேண்டாம். அனலைதீவு, நெடுந்தீவு, நயினாதீவு மூன்றுக்கும் சூரிய ஒளி, காற்று, டீசல் கலந்த மின்திட்டத்துக்காக இந்தியாவும் இலங்கையும் 2022 மார்ச்சில் உடன்படிக்கை செய்தன. அது எப்படி நடந்தாலும் உங்கள் அலாரம் தனக்கென்று 10 வாற் சோலர் பனலும் சிறிய சார்ஜ் கட்டுப்படுத்தியும் வைத்திருக்கட்டும். காவல் நிற்கும்போது சுற்று எடுப்பது ஒரு மில்லி அம்பியருக்குச் சற்றுக் கூட, அவ்வளவுதான். ஒரு அம்பியர் எடுக்கும் சைரன் நிரம்பிய பற்றரியில் ஐந்தாறு மணித்தியாலம் கத்தும். வெளியே நீளமாக வயர் இழுக்காதீர்கள், ஐப்பசி மின்னலை அது உள்ளே கூட்டிவரும்.

கள்ளனுக்காகக் கதவிலோ வேலியிலோ வீட்டு மின்சாரத்தைப் பாய்ச்சும் யோசனையை அடியோடு விடுங்கள். மாட்டைத் தேடிவரும் பிள்ளை அதைத்தான் முதலில் தொடும்.

சைரனை ஒழுங்கையைப் பார்த்து வைக்காமல், ஆள் இருக்கும் அயல் வீட்டைப் பார்த்துத் தாழ்வாரத்தின் உயரத்தில், நனையாத இடத்தில் பூட்டுங்கள். முன்கதவின் றீட் சுவிச்சுக்குச் சமாந்தரமாகத் திறப்பால் இயங்கும் சுவிச் ஒன்றை வெளியே வையுங்கள். அதைத் திருப்பிவிட்டால் சத்தமில்லாமல் உள்ளே போகலாம். ஒருவன் அதன் வயரை அறுத்தால் காவல் குறையாது. அந்தத் திறப்பும் வீட்டுத் திறப்பும் பக்கத்து வீட்டு அக்காவிடமோ அண்ணையிடமோ இருக்க வேண்டும். சைரன் கேட்டால் தனியாக உள்ளே போகவேண்டாம், இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வெளிச்சத்தோடு போங்கள் என்று சொல்லிவையுங்கள். பகலில் ஒருமுறை அலறவிட்டு அந்தச் சத்தத்தை அவர்களுக்குப் பழக்குங்கள்.

வெளிநாட்டில் இருந்து இதை வாசிக்கும் பிள்ளைகளுக்கு: பனலும் பற்றரியும் வாங்கக் காசு அனுப்பும்போது, உங்கள் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அயலவரின் வீட்டுக்கும் ஒரு அலாரத்துக்குச் சேர்த்து அனுப்புங்கள். ஐப்பசியின் முதல் இடிக்கு முன் இரண்டும் பூட்டி முடியட்டும்.