சொந்தத் திடல் என்னும் தாய்வீடு
(வட்டார ஆய்வுப் பாடம்)

தலைமையாசிரியர்



காற்பந்தாட்டச் செய்திகளைப் படிக்கும்போது, "சொந்தத் திடலில் வென்றது", "எதிரணியின் திடலில் தோற்றது" என்னும் தொடர்களை அடிக்கடி காண்கிறோம். பந்தின் அளவு எங்கும் ஒன்றே. ஆட்ட விதிகளும் ஒன்றே. அவ்வாறிருக்க, திடல் எவருடையது என்பதனால் என்ன வேறுபாடு விளையும்? ஒரு திடல் ஒரு குழுவுக்குச் சொந்தமாவது எங்ஙனம்? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

கிண்ணம் வந்த கதை

முதல் உலகப் போருக்குச் சற்று முன்னர், மலாய் ஐக்கிய மாநிலங்கள் தந்த பொருளைக் கொண்டு பிரிட்டிஷ் கடற்படைக்காக ஒரு போர்க்கப்பலைக் கட்டத் தொடங்கினர். அதற்கு 'மலாயா' என்றே பெயரிட்டனர். 1921-ஆம் ஆண்டில் அக்கப்பல் நம் நாட்டுக்கு வருகை தந்தது. கப்பலில் வந்தோர் உள்ளூர்க் குழுக்களுடன் விளையாடி மகிழ்ந்து, அந்நட்பின் நினைவாக ஒரு கிண்ணத்தை அன்பளிப்புச் செய்தனர். அதுவே மலாயாக் கிண்ணம். 1967 முதல் அது மலேசியக் கிண்ணம் என வழங்கலாயிற்று. முதலாண்டின் இறுதியாட்டத்தில் சிங்கப்பூர், சிலாங்கூரை 2-1 என்னும் கோல் கணக்கில் வென்றது.

அக்கிண்ணத்திற்காக மாநிலம் மாநிலத்தோடு மோதியது. ஆகவே ஒவ்வொரு மாநிலத்துக்கும் 'இது எங்கள் திடல்' என்று சொல்லிக்கொள்ள ஓர் இடம் வேண்டியதாயிற்று. சொந்தத் திடல் என்னும் எண்ணம் மக்கள் மனத்தில் இவ்வாறே வேரூன்றியது.

மாநிலங்களும் திடல்களும்

பினாங்கின் நகர அரங்கம் 1932-இல் அமைக்கப்பட்டது. நம் நாட்டில் இன்றும் பயன்பட்டு வரும் மிகப் பழைய அரங்கம் அதுவே. ஈப்போவில் உள்ள பேராக் அரங்கம் 1965-இல் திறக்கப்பட்டது. சிலாங்கூர்க் குழு நெடுங்காலம் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் ஆடியது. 1994-இல் ஷா ஆலாமில் எழுந்த பேரரங்கத்துக்கு மாறியது. ஏறத்தாழ 80,000 பேர் அமரக்கூடிய அவ்வரங்கமும் முப்பது ஆண்டுகளில் தன் காலத்தை முடித்துக்கொண்டது. 2024-இல் அதனை இடிக்கத் தொடங்கினர்.

ஜொகூரில் 2020-இல் திறக்கப்பட்ட சுல்தான் இப்ராகிம் அரங்கத்தின் தோற்றம் வாழை இலையைப் பின்பற்றி வடிவமைக்கப்பட்டது. நம் விருந்தோம்பலின் அடையாளமான வாழை இலை, ஓர் அரங்கின் வடிவத்துக்கும் வழிகாட்டியிருப்பதை எண்ணி மகிழலாம்.

நம் பகாங் மாநிலத்திற்கு நெடுங்காலம் சொந்தத் திடலாக விளங்கியது குவாந்தானில் உள்ள டாருல் மக்மூர் அரங்கம். 'தோக் காஜா' எனப்படும் யானைப் படையின் கோட்டை அது. ஆயினும், தானா ராத்தாவிலிருந்து குவாந்தான் செல்ல மாநிலத்தின் மறுகோடிக்கே பயணம் செய்தல் வேண்டும். ஈப்போவோ மலையிறங்கினால் அண்மையிலேயே உள்ளது. எனவே, பகாங் மண்ணில் வாழ்ந்துகொண்டே பேராக் குழுவுக்குக் கைதட்டுவோரும் நம்மிடையே உண்டு!

1983-ஆம் ஆண்டில் நான் ஆரம்பப் பள்ளி மாணவன். அவ்வாண்டின் மலேசியக் கிண்ண இறுதியாட்டம் மெர்டேக்கா அரங்கில் நடைபெற்றது. எங்கள் லயத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில் வானொலிப் பெட்டியை வைத்து, பெரியவரும் சிறியவரும் சூழ்ந்து அமர்ந்திருந்தோம். 'சிலந்தி மனிதன்' எனப் புகழ்பெற்ற கோல் காவலர் ஆர். ஆறுமுகத்தின் குழு என்பதால் என் தந்தைக்குச் சிலாங்கூர் மீதே பற்று. எனக்கோ பகாங்! பகாங் 3-2 என வென்றபோது நான் துள்ளிக் குதித்தேன். குவாந்தான் திடலை அதுவரை நான் கண்ணாலும் கண்டதில்லை. எனினும் அது என்னுடையது என்றே உணர்ந்தேன்.

சொந்தத் திடலின் வலிமை

சொந்தத் திடலில் ஆடுவோருக்கு மூன்று நன்மைகள் உள. பயணக் களைப்பு இல்லை. புல்லின் தன்மையும் மண்ணின் மேடு பள்ளமும் முன்னரே தெரியும். சூழ்ந்திருப்போர் தம் மக்கள்.

மெர்டேக்கா அரங்கில் 1980-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் நாள் மலேசியா தென் கொரியாவை எதிர்த்தாடியது. ஆறுமுகம் கோலைக் காத்தார். ஜேம்ஸ் வோங் வெற்றிக் கோலை அடித்தார். 2-1 என வென்று, மாஸ்கோ ஒலிம்பிக் போட்டிக்கு நம் குழு தகுதி பெற்றது. அப்போட்டியை நம் நாடு புறக்கணித்ததால் வீரர்கள் அங்குச் செல்லவில்லை. ஆயினும் சொந்த மக்கள் முன்னிலையில் பெற்ற அவ்வெற்றி இன்றும் பேசப்படுகிறது.

மலைவாழ் மக்களாகிய நாம் அறிய வேண்டிய மற்றொரு செய்தியும் உண்டு. தென்னமெரிக்காவின் பொலிவியா நாட்டில், லா பாஸ் நகரத்து அரங்கம் ஏறத்தாழ 3,600 மீட்டர் உயரத்தில் உள்ளது. தானா ராத்தாவின் உயரத்தைப் போல் அஃது இரு மடங்குக்கும் மேலாகும். அங்குக் காற்றின் அடர்த்தி குறைவு. சமவெளியிலிருந்து வருவோர் மூச்சு வாங்குவர். 2009-இல் புகழ்வாய்ந்த அர்ஜென்டினாக் குழு அங்கு 1-6 எனத் தோற்றது. மலையும் தன் மக்களுக்குத் துணை நிற்கும் என்பதற்கு இது சான்று.

கூரையா, கைகளா?

திரங்கானுவில் 2008-இல் திறக்கப்பட்ட சுல்தான் மிசான் அரங்கத்தின் கூரை, மறு ஆண்டு ஜூன் மாதத்தில் சரிந்து வீழ்ந்தது. பெருஞ்செலவு மட்டுமே ஓர் அரங்கத்தைத் தாங்கிவிடாது என்பதை அன்று நாடே உணர்ந்தது.

இதற்கு மாறான காட்சி ஒன்றை அயர்லாந்தில் காணலாம். அங்கு 1884 முதல் ஒரு சங்கம் அந்நாட்டின் பழைய விளையாட்டுகளைப் பேணி வருகிறது. அயர்லாந்துத் தீவின் 32 மாவட்டங்களும் தத்தம் குழுக்களையும் திடல்களையும் கொண்டுள்ளன. மாவட்டக் குழுவில் ஆடுவோர் ஊதியம் பெறுவதில்லை. ஆசிரியரும் உழவரும் தம் வேலை முடிந்த பின்னரே பயிற்சிக்கு வருவர். கில்லார்னி என்னும் ஊரின் திடல் 1936-இல் திறக்கப்பட்டது. அதனை உருவாக்கும் பணியில் ஊர்த் தொண்டர்களோடு, அருகிலிருந்த மனநல மருத்துவமனையில் சிகிச்சை பெற்று வந்தோரும் உழைத்தனர். தம் கைகளால் சமன்செய்த நிலத்தை எவரே அயலாரின் நிலம் என்று எண்ணுவர்?

நம் திடல்

நம் பள்ளித் திடலும் அத்தகையதே. தேயிலைச் சரிவின் ஓரத்தை மண்வெட்டியால் வெட்டிச் சமன்செய்தவர்கள் உங்கள் பாட்டன்மார். அதற்குக் கூரை இல்லை, இருக்கை இல்லை. எனினும் மூன்று தலைமுறைப் பிள்ளைகள் அங்கு ஓடி வளர்ந்துள்ளனர்.

சென்ற ஆண்டு விளையாட்டு விழா ஒத்திவைக்கப்பட்டதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மழையின்மீது பழி போட்டோம். உண்மையில் மேற்புறத்து வடிகால் மண்மூடிக் கிடந்தது. அதனை உரிய காலத்தில் கவனியாத குற்றம் முதற்கண் என்னுடையது. வெள்ளைச் சட்டையும் காலணியும் அணிந்து ஆவலோடு வந்த முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் ஓடாமலே வீடு திரும்பிய காட்சி இன்னும் என் நெஞ்சை உறுத்துகிறது.

பெற்றோர்களே! அடுத்த விழாவிற்கு முன்னர் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையை நம் திடலுக்குத் தாருங்கள். மண்வெட்டியோடு முதலில் நான் நிற்பேன். சொந்தத் திடல் என்பது பட்டயத்தால் கிடைப்பதன்று, பேணுவதால் கிடைப்பது.

பயிற்சி

1. மலேசிய வரைபடத்தில் ஈப்போ, குவாந்தான், ஷா ஆலாம், தானா ராத்தா ஆகிய ஊர்களைக் குறித்திடுக.
2. சொந்தத் திடலில் ஆடுவதால் விளையும் மூன்று நன்மைகள் யாவை?
3. லா பாஸ் நகரில் ஆடுவது வெளியூர்க் குழுக்களுக்குக் கடினமாவது ஏன்?
4. நம் பள்ளித் திடல் அமைந்த வரலாற்றை உங்கள் வீட்டுப் பெரியவரிடம் கேட்டுப் பத்து வரிகளில் எழுதுக.