பிடிக்காத பயிற்சியையும் விடாமல் செய்வோம்

முழங்கால் வலி என்று டிஸ்பென்சரிக்குப் போனால், மாத்திரையோடு ஒரு பயிற்சியையும் சொல்லி அனுப்புகிறார்கள். நாலு நாள் செய்கிறோம். ஐந்தாம் நாள் விட்டுவிடுகிறோம். "மலையில ஏறி எறங்குறது பத்தாதா? வீட்டுக்கு வந்தும் எக்சசைசா?" என்று கேட்கும் அக்காமார் எத்தனையோ பேர். நியாயமான கேள்விதான். பதிலையும் பார்ப்போம்.

வேலை வேறு, பயிற்சி வேறு

மலையிறங்கும்போது முழங்காலில் நம் எடையைப் போலப் பல மடங்கு பாரம் விழுகிறது. கொழுந்தின் பாரமும் சேர்கிறது. இதைத் தாங்கிக் கொடுப்பது தொடையின் முன்பக்கத் தசை. வலி வந்ததும் அந்தக் காலை ஊன்றாமல் நடக்கிறோம். தசை மெலிகிறது, மூட்டில் பாரம் கூடுகிறது, வலியும் கூடுகிறது. வேலை தசையைக் களைக்க வைக்கும். பயிற்சி மெலிந்த தசையைத் தனியாகப் பலப்படுத்தும். தேய்ந்த மூட்டு புதிதாகாது. ஆனால் வலி குறையும், நடை லேசாகும்.

செய்யும் முறை

கதிரையிலோ பெஞ்சிலோ நேராக உட்காருங்கள். ஒரு காலை மெதுவாக நேரே நீட்டுங்கள். தொடையை இறுக்கி ஐந்து எண்ணுங்கள். மெதுவாக இறக்குங்கள். ஒரு காலுக்கு 10 தடவை. ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும்.

ஏன் சலிக்கிறது?

பலன் உடனே தெரியாததுதான் காரணம். கொழுந்து எடுத்தால் அன்றைக்கே நிறுவை தெரியும். தசையில் பலம் ஏற ஆறு முதல் எட்டுக் கிழமை ஆகும். கவ்வாத்து வெட்டிய மலைக்கு மறுநாளே யாராவது கூடையோடு போவார்களா?

விடாமல் செய்ய நாலு வழி

1. தனியாக நேரம் தேடாதீர்கள். காலையில் தேத்தண்ணிக்கு கேத்தலை அடுப்பில் வைத்ததும் உட்காருங்கள். தினமும் ஒரே வேலையோடு சேர்த்துச் செய்த பழக்கம் தானாக வர சராசரியாக 66 நாள் ஆனது என்று லண்டனில் நடந்து 2010இல் வெளியான ஆய்வு சொல்கிறது. ஆளுக்கு ஆள் இது வித்தியாசப்படும். இடையில் ஒரு நாள் தவறினாலும் பழக்கம் கெடவில்லை.

2. முடியாத நாளில் அரைப் பேராவது போடுங்கள். பத்துக்குப் பதில் மூன்று தடவை. சும்மா இருப்பதை விட அது மேல்.

3. செய்த நாளைக் கலண்டரில் கோடு போட்டு வையுங்கள்.

4. துணை சேருங்கள். அடுத்த காம்பரா அக்காவோடு இஸ்தோப்பில் உட்கார்ந்து, ரேடியோப் பாட்டுக் கேட்டபடி செய்யலாம்.

ஆசை வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மழைக் காலையில் பிரட்டுக்குப் போக யாருக்கு ஆசை? ஆனாலும் போகிறோம். தோட்டத்துக்காக எழும்பும் நாம் நம் காலுக்காக ஐந்து நிமிஷம் உட்காரக் கூடாதா?

கவனிக்க: லேசான வலி பயமில்லை. மறுநாள் வலி கூடியிருந்தால் தடவைகளைக் குறையுங்கள். முழங்கால் வீங்கினால், சூடாகிச் சிவந்தால், மடக்க முடியாமல் இறுகிக்கொண்டால் பயிற்சியை நிறுத்தி உடனே டிஸ்பென்சரியில் காட்டுங்கள்.

கூடிப் பேச:

- எந்த அன்றாட வேலையோடு உங்கள் பயிற்சியைச் சேர்க்கலாம்?
- உங்கள் லயத்தில் துணைக்கு வரக்கூடியவர் யார்?