செங்காந்தளைத் தொட்டியில் வளர்த்தல்

செங்கல், பாறசாலை முதலிய எல்லைச் சிற்றூர்களை உள்ளிட்ட தென் கேரளத்தில், மழை தொடங்கியதும் வேலிகளிலும் புதர்களிலும் படரும் கொடிகளுள் செங்காந்தளும் ஒன்று. தமிழில் கார்த்திகைப்பூ, கலப்பைக் கிழங்கு என்றும், மலையாளத்தில் மேந்தோன்னி என்றும் வழங்குவது இதுவே. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் நிரல்படக் கூறும் மலர்களுள் இது முதலாவது. தமிழ்நாட்டின் மாநில மலரும் ஆகும்.

இதனை வீட்டில் வளர்க்க விரும்புவோர் நிலத்தில் நடாது தொட்டியில் நடுதல் வேண்டும். அழகு கருதி இவ்வாறு கூறவில்லை. மரச்சீனியும் காச்சிலும் சர்க்கரைவள்ளியும் விளையும் தோட்டத்தில் காந்தட் கிழங்கும் இருப்பின், அகழ்வோர் வேறுபாடறியாது சமையலுக்கு எடுத்துவிடக்கூடும். செடி முழுவதும் நச்சுடையது. கிழங்கிலும் விதையிலும் கொல்சிசின் என்னும் நச்சுப்பொருள் மிகுதி. வேகவைப்பதால் அது நீங்குவதில்லை. இலங்கையில் உணவுக்கிழங்கென மயங்கி இதனை உண்டு இறந்தோரைப் பற்றி மருத்துவ ஏடுகள் கூறுகின்றன. இதே பொருள் சிறிய அளவில் கீல்வாதத்திற்கு மருந்தாகிறது. அதன்பொருட்டே ஒட்டன்சத்திரம், தாராபுரம் பகுதிகளில் இதனை விதைக்காகப் பயிரிடுகின்றனர்.

30 செ.மீ. அகலமுள்ள மண்தொட்டியில் அடித்துளைமேல் ஓட்டுச்சில் இட்டு, செம்மண், மணல், மட்கிய சாணம் ஆகியவற்றைக் கலந்து நிரப்புக. கோடைமழைக் காலத்தில் கிழங்கைக் கிடையாக வைத்து 5 செ.மீ. ஆழத்தில் மூடுக. கலப்பை வடிவான கிழங்கின் நுனியிலேயே முளை உள்ளது. அது எளிதில் ஒடியும், ஒடிந்தால் பெரும்பாலும் மீண்டும் தழைப்பதில்லை. கையுறை அணிந்தே நடுதல் நலம். இலைநுனிகள் சுருண்டு பற்றுக்கம்பிகளாவதால், பருத்த கழியினும் மெல்லிய குச்சியே கொடிக்கு உகந்தது.

மாணவர்க்குக் காட்டத்தக்கது மலரின் அமைப்பாகும். சூல்தண்டு ஏறக்குறைய நேர்கோணத்தில் ஒருபுறம் வளைந்து, மகரந்தப் பைகளினின்று விலகி நிற்கும். ஆதலின் காய்க்கவேண்டின் கையால் மகரந்தம் சேர்ப்பதுண்டு. வீட்டுத் தொட்டியிலோ காய் தோன்றியவுடன் கிள்ளிவிடுதலே தக்கது; செந்நிற விதைகள் சிறுவரை ஈர்க்கும்.

பூத்தபின் இலை பழுத்துக் கொடி மடியும். அப்பொழுது நீர் விடலாகாது; விட்டால் உறங்கும் கிழங்கு அழுகும். கவலைக்குரிய காலமும் இதுவே. வெறுந்தொட்டியென எண்ணி, வீட்டார் மண்ணைத் தோட்டத்தில் கொட்டிவிடுவர். ஆகவே தமிழிலும் மலையாளத்திலும் ‘நஞ்சு’ என எழுதிய தகட்டைத் தொட்டியிற் பொருத்துக. எவரேனும் உண்டுவிடின், வாந்திக்குக் காத்திராமல், கிழங்கின் துண்டொன்றையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்க. வாந்தியும் கழிச்சலும் தோன்றச் சில மணி நேரம் ஆகலாம்.