ஆற்றுதலும் ஆற்றுப்படுத்தலும்

முன்னுரை

மாணவப் பருவம் மகிழ்ச்சிக்குரியது என்பர். அம்மகிழ்ச்சியினூடே மனச்சோர்வும் எதிர்காலம் பற்றிய அச்சமும் வருவதுண்டு. அந்நேரத்தில் துணை தேடும் மாணவர் முன் இரு வழிகள் உள்ளன. ஒன்று மனநல ஆலோசனை. மற்றொன்று முன்னேற்றப் பயிற்சி. இரண்டும் ஒன்றெனக் கருதித் தமக்குப் பொருந்தாததை நாடி, பயன் காணாமல் மேலும் சோர்வோர் உளர். எதனை எப்போது நாடுவது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் பொருளும்

‘கவுன்சலிங்’ என்றதும் நம் நினைவுக்கு வருவது கல்லூரிச் சேர்க்கைக்கான கலந்தாய்வு. ‘கோச்சிங்’ என்றதும் போட்டித் தேர்வு வகுப்பு. இங்குக் கூறப்படுபவை அவையல்ல. மனத்துயரைப் பேசித் தெளிய உதவுவது ஆலோசனை. கொண்ட குறிக்கோளை எட்டத் திட்டமிடவும், தொடர்ந்து உழைக்கவும் உடனிருந்து பழக்குவது பயிற்சி.

துயர் தணித்தலைத் தமிழில் ‘ஆற்றுதல்’ என்கிறோம். ‘ஆற்றுப்படுத்தல்’ என்பதோ வழி எனப் பொருள்படும் ‘ஆறு’ என்னும் சொல்லடியாகப் பிறந்தது. பத்துப்பாட்டுள் ஒன்றான மலைபடுகடாம், கூத்தராற்றுப்படை எனவும் வழங்கும். நமக்கு வடக்கேயுள்ள செங்கத்தை ஆண்ட நன்னனை நாடிச் செல்லும் கூத்தர்க்கு, பன்றிப்பொறியும் வழுக்குநிலமும் கவண்கல்லும் எதிர்ப்படும் எனக் கூறி அந்நூல் எச்சரிக்கிறது. வழி சொல்பவர் எவரையும் சுமந்து செல்வதில்லை. நடக்க வேண்டியவர் கூத்தரே. பயிற்றுநரின் பணியும் இத்தகையதே. ஆயின் காலில் புண்ணுள்ளவருக்கு வழி சொல்லிப் பயனில்லை. முதலில் புண் ஆற வேண்டும்.

வளர்ந்த வரலாறு

1908-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஃபிராங்க் பார்சன்ஸ், இளைஞர்கள் தொழில் தேர்ந்துகொள்ள உதவும் நிலையம் ஒன்றை அமைத்தார். ஆலோசனைத் துறையின் தொடக்கங்களுள் அது ஒன்றாகக் கருதப்படுகிறது. 1942-இல் கார்ல் ரோஜர்ஸ் எழுதிய நூல் அத்துறையின் போக்கையே மாற்றியது. அறிவுரை கூறுவதினும் பொறுமையாகக் கேட்பதே சிறந்தது என்பது அவர் கொள்கை.

‘கோச்’ என்பது அங்கேரி நாட்டில் அதே பெயருடைய ஊரில் செய்யப்பட்ட வண்டியால் வந்த சொல். 19-ஆம் நூற்றாண்டில் ஆக்ஸ்போர்டு மாணவர்கள், தம்மைத் தேர்வில் கரைசேர்க்கும் ஆசிரியரை அச்சொல்லால் அழைத்தனர். பின்னர் அது விளையாட்டுக்கும், அதன்பின் தொழில் நிறுவனங்களுக்கும் பரவியது.

எதனை நாடுவது?

1. இரண்டு வாரங்களுக்கு மேலாக உறக்கமும் உணவும் குறைந்து, எதிலும் நாட்டமின்றி இருப்பின் மனநல ஆலோசகரையோ மருத்துவரையோ நாட வேண்டும். இதனைச் சோம்பல் எனக் கருதிப் பயிற்சி வகுப்பிற் சேர்தல், காய்ச்சல் கண்டவரை ஓட்டப்பந்தயத்தில் நிறுத்துவது போலாகும்.

2. மனம் நலமாயிருந்து, குறிக்கோளும் தெளிவாயிருந்து, அடையும் வழி மட்டும் தெரியாவிடின் பயிற்சியே ஏற்றது.

3. இரண்டும் கலந்திருப்பின், முன்னது ஆலோசனை, பின்னது பயிற்சி.

4. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தோன்றினால் ஆராய்ந்துகொண்டிருக்கலாகாது. 14416 என்னும் எண்ணை அழைத்துத் தமிழிலேயே பேசலாம். இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றிக் கிடைக்கும்.

மற்றொன்றும் நினைவிற்கொள்க. ஆலோசனை பெறுவோர் கூறுபவற்றை இரகசியமாகக் காக்க வேண்டுமென 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் கூறுகிறது. ‘வாழ்க்கைப் பயிற்றுநர்’ என்னும் பெயர்ப்பலகையை மாட்டுவதற்கோ நம் நாட்டில் உரிமம் எதுவும் தேவையில்லை. பணம் கட்டுமுன் அவர் கல்வியையும் அனுபவத்தையும் கேட்டறிதல் நன்று.

நம் மாவட்டத்தில்

கல்வராயன் மலை 1976-இல்தான் ஜாகீர்தார்களிடமிருந்து அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது. எனவே வெள்ளிமலைப் பகுதியிலிருந்து படிக்க வரும் மாணவர் பலர்க்குக் கல்லூரி கண்ட மூத்தோர் வீட்டில் இல்லை. அவர்கள் விண்ணப்பம் நிரப்பத் தடுமாறுவது மனநோயன்று, வழிகாட்டுவார் இன்மையே. அதற்கு ஆற்றுப்படுத்தல் போதும். 2022-இல் தமிழக அரசு தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம் இவ்வகையைச் சார்ந்தது. மேற்கூறிய 14416 சேவை தொடங்கியதும் அதே ஆண்டில்தான்.

2024 ஜூன் மாதம் கருணாபுரத்தில் நச்சுச் சாராயத்துக்கு 60-க்கும் மேற்பட்டோர் பலியாயினர். அத்தகைய வீட்டுப் பிள்ளை வகுப்பில் வாடியிருக்கும்போது, ‘முயன்றால் முடியாதது உண்டோ’ என்று ஊக்கவுரை ஆற்றுவது எவ்வளவு பொருந்தாது! அப்பிள்ளைக்கு முதலில் வேண்டுவது, அழுகையைக் கேட்கும் செவி. மதிப்பெண் பற்றிப் பின்னர்ப் பேசலாம்.

முடிவுரை

மாணவ நண்பர்களே! மனநல ஆலோசனை பெறுவோரைப் பைத்தியம் என எள்ளும் வழக்கத்தை நாம் விட்டொழிக்க வேண்டும். விடுதியில் உடனுறையும் நண்பர் பேச்சுக் குறைந்து ஒதுங்கினால், அறிவுரைக்கு முந்தாமல் அருகிலமர்ந்து கேட்போம். தேவையெனில் அரசு மருத்துவமனைக்குத் துணை செல்வோம். ஆற்ற வேண்டியவரை ஆற்றியபின் ஆற்றுப்படுத்துவோமாக.