நோயாளியின் கட்டிலருகே கேட்கும் ஆங்கிலம்



நம் ஊர்க் குடும்பம் ஒன்றில் அத்தாவை வெளியூர் மருத்துவமனையில் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்திருந்தார்கள். மருத்துவர் வந்து, "ஹி இஸ் ஸ்டேபிள், பட் நாட் அவுட் ஆஃப் தி வுட்ஸ் யெட்" என்றார். பிளஸ் டூ படிக்கும் கடைசி மகனுக்கு 'ஸ்டேபிள்' மட்டும் பிடிபட்டது. "அத்தாவுக்குப் பரவாயில்லையாம்மா" என்றான். மூத்தவர்கள் இருவரும் கடையைப் பார்க்க ஆரணிக்குத் திரும்பிவிட்டார்கள். மறுநாள் ஃபஜ்ருக்கு முன் அத்தா மௌத்தானார். மூத்த மகன்கள் பக்கத்தில் இல்லை.

பையன் மேல் குற்றமில்லை. 'வுட்ஸ்' என்றால் காடு என்றுதான் அவன் படித்திருந்தான். அதனால்தான் இந்த மாதம் இந்தப் பாடத்தை எடுத்துக்கொண்டோம்.

1. அண்டர் தி வெதர்: உடம்புக்குக் கொஞ்சம் முடியவில்லை. சளி, லேசான காய்ச்சலுக்குப் பொருந்தும். பெரிய நோய்க்குச் சொல்வதில்லை.

2. ஸ்டேபிள்: நிலைமை இப்போதைக்கு மாறாமல் இருக்கிறது. குணமாகிவிட்டது என்று பொருளல்ல. 'கிரிட்டிகல் பட் ஸ்டேபிள்' என்றால் கவலைக்கிடம்தான், ஆனால் மேலும் மோசமாகவில்லை.

3. நாட் அவுட் ஆஃப் தி வுட்ஸ்: காட்டை இன்னும் தாண்டவில்லை, அதாவது ஆபத்து நீங்கவில்லை.

4. டேக் எ டர்ன் ஃபார் தி வர்ஸ், கோ டவுன்ஹில்: நோய் முற்றுகிறது, உடல்நிலை இறங்குமுகமாகிறது.

5. ஹேங்கிங் பை எ த்ரெட்: ஓர் இழையில் தொங்குகிறது. தறி ஊரில் இதற்கு விளக்கம் வேண்டியதில்லை. தமிழில் 'உயிர் ஊசலாடுகிறது' என்போம்.

6. ஆன் இட்ஸ் லாஸ்ட் லெக்ஸ்: முடியும் தறுவாயில் இருக்கிறது. பழைய மோட்டார், நலிந்த தொழில் ஆகியவற்றுக்கும் சொல்வார்கள். கைத்தறியைப் பற்றி ஆங்கிலத்தில் இப்படி எழுதியிருந்தால், அது சாகக் கிடக்கிறது என்று பொருள்.

7. எக்ஸ்பயர்டு: மருந்துப் பெட்டியில் கெடு முடிந்தது என்று பொருள். நம் நாட்டு மருத்துவமனைத் தாளில் ஒருவர் பெயருக்கு எதிரே இருந்தால், இறந்துவிட்டார் என்று பொருள்.

8. பாஸ்டு அவே: நாம் 'வஃபாத்தானார்' என்பதுபோல மரியாதையான சொல். 'கிக் தி பக்கெட்' என்பதும் இறப்பைத்தான் குறிக்கும், ஆனால் அது கேலிப் பேச்சு. இரங்கல் கடிதத்திலோ, விடுப்புக் கேட்டு முதலாளிக்கு அனுப்பும் செய்தியிலோ மறந்தும் எழுதக்கூடாது.

எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய முடியாவிட்டாலும் பரவாயில்லை. மருத்துவரிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: "ஆபத்து நீங்கிவிட்டதா? நேற்றைவிடத் தேறியிருக்கிறாரா? இன்று இரவு நாங்கள் எல்லோரும் இங்கேயே இருக்க வேண்டுமா?" தமிழிலேயே கேட்கலாம். புரியவில்லை என்று சொல்வதில் வெட்கம் ஒன்றுமில்லை.

பிள்ளைகளே, வீட்டுக்காக நீங்கள் மொழிபெயர்க்கும்போது ஒரு சொல் புரியாவிட்டாலும் ஊகித்துச் சொல்லாதீர்கள். "இன்னொரு தடவை சொல்லுங்க டாக்டர்" என்று கேளுங்கள். பெரியவர்களே, அந்தப் பாரத்தைப் பிள்ளையின் தலையில் மட்டும் வைத்துவிடாதீர்கள்.