தனித்தொழில் வடிவமைப்பாளரும் புத்தொழில் நிறுவனங்களும்

பொருளை உற்பத்தி செய்வதால் மட்டும் தொழில் வளர்ச்சி நிறைவு பெறுவதில்லை. மக்கள் அப்பொருளை இனங்கண்டு எளிதில் பயன்படுத்தத்தக்க வடிவமும் அதற்கு அமைய வேண்டும். சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் 1958இல் அளித்த 'இந்திய அறிக்கை' இத்தேவையை வலியுறுத்தியது. அதன் விளைவாக 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றியது. 2007இல் தேசிய வடிவமைப்புக் கொள்கைக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் வழங்கியது.

பெங்களூரில் தொழிலின் வளர்ச்சி

வடிவமைப்பு தனித்த ஒரு தொழிலாக வேரூன்றிய நகரங்களுள் பெங்களூர் முக்கியமானது. சுஜாதா கேசவன் 1989இல் இங்கு நிறுவிய 'ரே அண்ட் கேசவன்' நிறுவனம், வணிகச் சின்னங்களை உருவாக்குவதையே தன் பணியாகக் கொண்டது. 1996இல் சிருஷ்டி வடிவமைப்புக் கல்வி நிலையமும், 2006இல் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் ஆய்வு வளாகமும் இந்நகரில் அமைந்தன. 2016 ஜனவரியில் மைய அரசு 'ஸ்டார்ட் அப் இந்தியா' திட்டத்தைத் தொடங்கியது.

புதிதாகத் தொடங்கும் சிறு நிறுவனம் ஒன்று வடிவமைப்பாளரை மாத ஊதியத்தில் அமர்த்துவது எளிதன்று. எனவே பெயர், சின்னம், வண்ணம், எழுத்துரு, செயலியின் திரைகள் ஆகியவற்றை அது தனித்தொழில் புரிவோரிடம் ஒப்படைக்கிறது. அவர் முதலில் பயனாளரின் தேவையை ஆராய்கிறார். பின்னர் மாதிரித் திரைகளை அமைத்துச் சோதிக்கிறார். இறுதியாகக் கோப்புகளை ஒப்படைக்கிறார். ஆங்கிலத்துக்கென வகுத்த இடத்தில் கன்னடச் சொல்லோ தமிழ்ச் சொல்லோ அடங்காமற் போகலாம். இத்தகைய நுட்பங்களை அறிந்தவர்க்கு வாய்ப்பு மிகுதி. ஆயினும் திறமை ஒன்றே வருவாயை உறுதி செய்வதில்லை. உரிமையும் ஊதியமும் எழுத்தில் அமைந்தாலன்றி இருதரப்பினருக்கும் இடர் உண்டு.

சின்னம் யாருடையது?

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஊழியர் ஒருவர் பணியின் நிமித்தம் உருவாக்கிய படைப்புக்கு, மாறான உடன்பாடு இல்லாதபோது, வேலையளிப்பவரே முதல் உரிமையாளர். தனித்தொழில் புரிவோரின் நிலை வேறு. பொதுவாக அவரே தம் படைப்பின் முதல் உரிமையாளர். நிறுவனம் பணம் செலுத்திவிட்டது என்பதனால் மட்டும் உரிமை கைமாறிவிடாது.

உரிமை மாற்றம் எழுத்து மூலம் அமைந்து, உரிமை வழங்குபவரின் கையொப்பம் பெற்றிருத்தல் வேண்டும். காலவரையறை குறிப்பிடப்படாவிடில் அது 5 ஆண்டுகளுக்கே செல்லும். நிலப்பரப்பு குறிப்பிடப்படாவிடில் இந்தியாவுக்குள் மட்டுமே செல்லும். இதனை அறியாத நிறுவனம், பின்னாளில் முதலீட்டாளர் ஆவணங்களைப் பரிசீலிக்கும்போது, தன் சின்னமே முழுமையாகத் தன்னுடையதன்று எனக் காண நேரிடலாம். முழு ஊதியமும் கிடைத்த பின்னரே உரிமை மாறும் என ஒப்பந்தத்தில் எழுதுவது வடிவமைப்பாளருக்குக் காப்பாகும்.

ஊதியம் தாமதமானால்

முதலீடு வந்து சேரும் வரை ஊதியத்தை நிறுத்திவைப்பதும், மீண்டும் மீண்டும் திருத்தம் கோருவதும் இத்தொழிலில் காணப்படும் இடையூறுகள். இவற்றுக்குத் தீர்வு, குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், 2006இல் உள்ளது. தனியொருவராகச் சேவை வழங்கும் வடிவமைப்பாளரும் 2020 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள 'உதயம்' பதிவைக் கட்டணமின்றிப் பெற்றுக் குறு நிறுவனமாகலாம். பணியை ஏற்பதற்கு முன்பே பதிந்துகொள்வது நலம்.

எழுத்து மூலமான ஒப்பந்தம் இருப்பினும், ஊதியம் அளிப்பதற்கான கெடு பணி ஏற்கப்பட்ட நாளிலிருந்து 45 நாட்களைக் கடத்தலாகாது. ஒப்பந்தம் இல்லையெனில் கெடு 15 நாட்களே. பணியைப் பெற்ற 15 நாட்களுக்குள் எழுத்து மூலம் மறுப்புத் தெரிவிக்காவிடில், பணி ஏற்கப்பட்டதாகவே கொள்ளப்படும். கெடு தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டி வீதத்தைப் போல் மும்மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டு வட்டியாகச் சேரும். எடுத்துக்காட்டாக, வங்கி வட்டி வீதம் 6 விழுக்காடு எனக் கொண்டால், ரூ. 1,00,000 நிலுவைக்கு முதல் மாத வட்டி மட்டும் ரூ. 1,500 ஆகும். தகராறு எழுந்தால் மாநில அரசு அமைத்துள்ள வசதிப்படுத்தும் மன்றத்தை அணுகலாம்.

சமூகப் பாதுகாப்பில் உள்ள இடைவெளி

2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. அது கிக் தொழிலாளரையும் தளவழித் தொழிலாளரையும் முதன்முதலாகச் சட்டத்தில் வரையறுத்தது. கர்நாடகமும் 2025இல் தளவழிக் கிக் தொழிலாளர்க்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. ஆயின் இவற்றின் நிதி ஏற்பாடு, வேலையை இணைத்துத் தரும் இணையத்தள நிறுவனங்கள் செலுத்தும் தொகையையே பெரிதும் சார்ந்துள்ளது. நிறுவனத்துடன் நேரடியாக ஒப்பந்தம் செய்துகொள்ளும் வடிவமைப்பாளரின் பொருட்டு அவ்வாறு தொகை செலுத்துவோர் எவருமில்லை. மருத்துவக் காப்பீட்டையும் முதுமைக்கால சேமிப்பையும் அவர் தம் வருவாயிலிருந்தே தேடிக்கொள்ள வேண்டியுள்ளது.

செய்ய வேண்டுவன

வடிவமைப்புக் கல்வியில் ஒப்பந்தம், பதிப்புரிமை, கணக்கு வைப்பு ஆகியவையும் பாடமாக இடம்பெற வேண்டும். புத்தொழில் நிறுவனங்களுக்கு உதவும் அரசு அமைப்புகள், பணியின் எல்லை, திருத்தங்களின் எண்ணிக்கை, தவணை, உரிமை மாற்றம் ஆகியவை அடங்கிய மாதிரி ஒப்பந்தத்தை ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் வெளியிடலாம். மாவட்டத் தொழில் மைய அலுவலர்கள் 'உதயம்' பதிவின் பயனை இளம் வடிவமைப்பாளரிடையே பரப்பலாம். சட்டம் தரும் காப்பு ஏற்கெனவே உள்ளது. கையொப்பமிட்ட ஓர் ஒப்பந்தமும் ஒரு பதிவும் இருந்தால், தனித்து உழைக்கும் இளைஞர் அதன் முழுப் பயனையும் பெற இயலும்.